கப்பல் சீட்டும் சேரியின் பெயரும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்குமாக நடந்த இரண்டு நாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். கவிதையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து வாசிக்கலாம். இப்போது நான் பேசப்போவது ஒரு காகிதத்தைப் பற்றி. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் நம்ம ஜனங்களைக் கூலிகளாகக் கப்பலேற்றினபோது ஆளுக்கொரு சீட்டு எழுதினான் வெள்ளைக்காரன். எமிக்ரேஷன் பாஸ் என்று அதுக்குப் பேர். அதை எங்கே தேடுவது, கிடைத்தால் எப்படி வாசிப்பது, அதில் எழுதாமல் விட்டதை யார் எழுதுவது என்பதுதான் என் பேச்சு.

இது எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேங்கில் கிளார்க். மலையிறங்கினால் வருகிற ஒரு ஊரில் வேலை. மூணு வருசத்துக்கு முன்னால் ஒரு மதியம், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தாங்க. முகத்தைப் பார்த்தால் நம்ம அத்தை மாதிரி இருக்காங்க. வாயைத் திறந்தால் இங்கிலீஷ், அதுவும் எனக்குப் பழக்கமில்லாத ராகத்தில். கயானாவில் பிறந்து கனடாவில் டீச்சராக இருக்கிறவங்க. டாலர் மாற்ற வந்தவங்க, நான் பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து ஒரு நகலை எடுத்து, "இந்த ஊர்ப் பேரை உங்களால வாசிக்க முடியுமா?" என்று கேட்டாங்க.

அதுதான் அந்தச் சீட்டு. ஆறு தலைமுறைக்கு முன்னால் போன அவங்க மூதாதையுடையது. கப்பலின் பெயர், அவருடைய எண், அவர் பெயர், அப்பன் பெயர், வயசு 22, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், அங்க அடையாளம் இடது காலில் ஒரு தழும்பு. ஜில்லா வட ஆர்க்காடு. தாலுகா போளூர். கிராமம் என்ற இடத்தில் எந்த ஊரோடும் ஒட்டாத நாலைந்து எழுத்துக்கள். நெருங்கிய உறவு என்ற இடத்தில், தம்பி என்று போட்டு ஒரு பெயர். சாதி என்ற இடத்தில், பறையன்.

கூட வந்த கார்க்காரர் அந்தச் சொல்லுக்கு "விவசாயக் குடும்பம்" என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு கிராமத்துக்குப் போயிருக்காங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மாலை போட்டுக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து, "உங்க முன்னோர் இந்தத் தெருதான்" என்று சொல்லிப் போட்டோவும் எடுத்திருக்கிறார். அந்த அம்மா என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "நான் படிச்ச ஸ்கூல் டிக்‌ஷனரியிலேயே இந்தச் சொல் இருந்தது. ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம் போட்டிருந்தது. அது ஒரு ஜனத்தோட பேருன்னு இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஜனம் எங்கே? காலையில எனக்கு யாரும் காட்டலையே."

தோழர்களே, அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார். "அஞ்சு மணிக்கு மேல வாங்க, சொல்றேன்" என்றேன். கவிதையில் நூறு தடவை எழுதின சொல், கவுண்டரில் ஒரு தடவை சொல்ல வாய் வரவில்லை. அஞ்சு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான், "எங்க ஜனம்தாங்க அது. நானும் அதுதான்" என்றேன். அந்த அம்மா சிரிச்சாங்க. நான் இன்னும் முழுசாகச் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

கரீபியன் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அந்தத் தீவுகளில் கரும்பை வெட்ட முதலில் கொண்டுபோனது ஆப்பிரிக்க மக்களை. 1834-இல் ஆங்கிலேயக் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பேருக்கு ஒழிந்ததே தவிர, 'பயிற்சி' என்று சொல்லி 1838 வரை அதே தோட்டத்தில் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அதே 1838-இல், மே 5-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பின விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற கப்பல்கள் இந்தியக் கூலிகளைக் கயானாவில் இறக்கின. 1845-இல் டிரினிடாடும் ஜமைக்காவும். 1853-இல் ஓரெலி என்ற பிரெஞ்சுக் கப்பல் புதுச்சேரியிலிருந்து மார்த்தினீக்குக்குப் போனது. அடுத்த வருசம் அதே கப்பல் குவாதலூப்புக்கு. 1917-இல் ஆள்பிடிப்பு நிற்கிறவரைக்கும் ஏறத்தாழ 2,39,000 பேர் கயானாவுக்கும், 1,44,000 பேர் டிரினிடாடுக்கும், 36,000 பேர் ஜமைக்காவுக்கும் போயிருக்கிறார்கள். குவாதலூப்புக்கு 42,000, மார்த்தினீக்குக்கு 25,000. ஆங்கிலேயத் தீவுகளுக்குப் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வடநாட்டு ஜனம். சென்னை வழியாகப் போன நம்ம ஆட்கள் குறைவு. பிரெஞ்சுத் தீவுகளுக்குத்தான் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ் ஜனம் அதிகமாகப் போனது.

நம்ம சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், நமக்கு முன்னால் அந்தக் கரும்புக்காட்டில் நின்ற கறுப்பு மக்களின் ஆவணத்தைப் பார்க்கணும். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று நம் தோழர்கள் பெயர் வைத்தது அந்த மக்களின் போராட்டத்தைப் பார்த்துத்தானே. ஒரு கறுப்புக் குடும்பம் தன் பாட்டன் பூட்டனைத் தேடிப்போனால் என்ன கிடைக்கும்? 1807-இல் அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டது. அதற்கப்புறம் திருட்டுத்தனமாக ஆள் இறக்காமல் இருக்க, டிரினிடாடில் 1813-இலும் மற்ற காலனிகளில் 1817-ஐ ஒட்டியும் அடிமைப் பதிவேடு எழுத ஆரம்பித்தார்கள். அதன் பிரதிகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலாளி பெயர் தலைப்பில், அவன் கீழே ஆட்கள். பெயர், வயசு, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்ததா, தீவில் பிறந்ததா. டிரினிடாடு பதிவேட்டில் உயரமும் உடம்பு அடையாளமும்கூட உண்டு. ஆக, தன் பாட்டனைத் தேடுகிறவன் முதலில் பாட்டனை வைத்திருந்தவனின் பெயரைத் தேடணும்.

அடிமைமுறை ஒழிந்தபோது நஷ்டஈடு கொடுத்தார்கள். 2 கோடி பவுண்டு. யாருக்கு? அடிமையை வைத்திருந்தவனுக்கு. அடிபட்டவனுக்கு ஒரு காசு இல்லை. அந்தப் பணத்துக்காக வாங்கின கடனை இங்கிலாந்து அரசாங்கம் 2015-இல்தான் அடைத்து முடித்தது. நஷ்டஈடு வாங்கினவர்களின் பெயர்ப்பட்டியலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிட்டார்கள். கறுப்பு மக்கள் இன்றைக்கு அந்தப் பட்டியலை வைத்துத்தான் தங்கள் பாட்டன்மாரைத் தேடுகிறார்கள். கணக்கு எழுதினவன் வேற எதுக்கோ எழுதினான். வாசிக்கிறவன் வேற எதுக்கோ வாசிக்கிறான். இந்தத் தேடலின் முதல் பாடம் இதுதான்.

இப்போ நம்ம சீட்டுக்கு வருவோம். கயானாவிலோ டிரினிடாடிலோ ஒரு குடும்பம் தேட ஆரம்பித்தால் வழி இப்படிப் போகும். முதலில் வீட்டுக் கிழவிகளின் ஞாபகம். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல். அடுத்தது பழைய பிறப்புப் பதிவு. அதில் பெற்றோரின் கூலி எண்ணும் கப்பல் பெயரும் குறித்திருப்பது உண்டு. அந்த எண்ணை வைத்துக் குடியேறிகளின் பொதுப் பதிவேட்டுக்குப் போகணும். அங்கிருந்து கப்பல் சீட்டு. டிரினிடாடில் தேசிய ஆவணக் காப்பகம். கயானாவில் ஜார்ஜ்டவுனில் இருக்கிற காப்பகத்துக்கு வால்டர் ராட்னி பெயர் வைத்திருக்கிறார்கள். 1980-இல் வெடிகுண்டு வைத்துக் கொல்லப்பட்ட வரலாற்றாசிரியர் அவர். கறுப்பு உழைப்பாளியையும் இந்தியக் கூலியையும் ஒரே வரலாறாக எழுதினவர். நம்ம சீட்டு அவர் பெயருள்ள கட்டிடத்தில் இருப்பது எனக்கு ஒரு ஆறுதல். கயானா, டிரினிடாடு, சூரினாம், பிஜி நாடுகளின் இந்தக் கூலி ஆவணங்களை 2011-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பிரெஞ்சுத் தீவுகளின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை பிரான்சில் எக்ஸ் நகரத்துக் காப்பகம் படமெடுத்து வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

"கரீபியனில் எங்களுக்கு யாருமில்லையே" என்று நினைக்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்கு 1860-இலிருந்து 1911 வரைக்கும் 1,52,000 பேருக்கு மேல் போனார்கள். முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்துதான் கிளம்பியது. பிஜிக்கு 1903-இலிருந்து சென்னைக் கப்பல் போனது. இந்த இரண்டு இடத்துக்கும் போனவர்களில் வட ஆர்க்காட்டு ஜனம் நிறைய. அந்தக் கப்பல் பட்டியல்களிலும் கிராமமும் சாதியும் உண்டு. எங்க ஆயா, யாராவது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், "இன்னாடா, கப்பலேறிட்டானா?" என்று கேட்கும். எந்தக் கப்பல் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கணும்.

சீட்டை வாசிப்பதில் மூணு இடத்தில் வழுக்கும். ஒண்ணு ஜில்லா. இதைப் பேச இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இன்றைக்கு ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூணு மாவட்டத்தில் கிடக்கிறது. கப்பல் போன காலத்தில் கணக்கே வேற. கிழக்கே இறங்கினால் போளூர், அது வட ஆர்க்காடு. தெற்கே இறங்கினால் செங்கம், திருவண்ணாமலை. அது 1911 வரைக்கும் தென் ஆர்க்காடு. மேற்கே இறங்கினால் திருப்பத்தூர், வாணியம்பாடி. அது 1911 வரைக்கும் சேலம் ஜில்லா. வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரமாக இருந்தது சித்தூர். இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற சித்தூரும் பலமனேரியும் சந்திரகிரியும் அன்றைக்கு வட ஆர்க்காடு. ஆக, சீட்டில் சேலம் என்று இருந்தால் சேலத்துக்கு பஸ் ஏறாதீங்க. இந்த மலை அடிவாரமாகவும் இருக்கலாம். அப்புறம் 1989-இல் வட ஆர்க்காட்டை இரண்டாக்கி ஒரு பாதிக்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பத்து வருசம்கூடத் தங்கவில்லை, வேலூர் ஆகிவிட்டது. 2019-இல் அதையும் மூணாக்கினார்கள். மாவட்டத்தின் பெயர் மாறுவதிலேயே ஒரு சாதி வரலாறு இருக்கிறது.

இரண்டாவது, பெயர். எழுதினவன் நம்ம பாஷை தெரியாதவன், அல்லது தெரிந்தும் அக்கறை இல்லாதவன். சொன்னவர் எழுதத் தெரியாதவர். அதனால் சீட்டைக் கண்ணால் வாசிக்காதீங்க, காதால் வாசிங்க. சத்தமாகச் சொல்லி ஒரு கிழவியிடம் கேளுங்க. வெஸ்ட் இண்டீஸ் அணிக்குப் பந்து போட்ட வீராசாமி பெர்மால் என்ற கயானா ஆட்டக்காரரின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. பெருமாள்! கயானாவில் 2015-இலிருந்து 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. குவாதலூப்பில் இந்திய வம்சாவளி ஜனத்துக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் கேட்டு 1904-இலிருந்து 1923 வரை வழக்காடினவர் ஆன்றி சிதம்பரோம். சிதம்பரம்தான் பிரெஞ்சு எழுத்தில் அப்படி ஆகியிருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கினவருக்கு ஒரே பெயர்தான். அது அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயர் ஆகிவிடும். ஆக, அங்கே ஒருத்தரின் குடும்பப் பெயர் பல இடத்தில் கப்பலிறங்கின முதல் ஆளின் பெயர். நம்மிடம் அப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிப் போகிறது; அங்கே பூட்டன் பெயர் முழுசாக நிற்கிறது.

மூணாவதுதான் சாதிக் கட்டம். இதில் ரொம்ப ஜாக்கிரதை வேணும். டெப்போவில் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். யாரும் ஊருக்குப் போய் விசாரிக்கவில்லை. கப்பலேறும்போதே சாதியை மாற்றிச் சொல்லித் தப்பிக்க நினைத்த நம்ம ஆளும் இருந்திருப்பார். அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். மதம் மாறினவர் வெறும் கிறித்தவர் என்று பதிவாகியிருக்கலாம். சொல்லும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1922-இல். ஷெட்யூல்டு சாதி என்பது 1935 சட்டத்தோடு வந்தது. ஒரே குடும்பத்தைத் தேடுகிறவன் நாலு பெயரில் தேடணும். போன இடத்தில் எல்லாருக்கும் சேர்த்து 'மதராசி' என்று ஒரே பெயர். வன்னியரும் பறையரும் ஒரே லயத்தில், ஒரே தண்ணியில். ஆனால் வடநாட்டார் கண்ணில் மதராசி என்பதே கறுப்பன், ஆடு கோழி வெட்டுகிறவன் என்று தாழ்ந்த பெயர் ஆச்சு. ஊரில் நம்மைச் சேரி என்று சொன்னவனும் அங்கே ஒரு சேரிக்காரன் ஆனான். இதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை. சாதி எப்படி இடம் பார்த்து ஆளைப் பிடிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஜில்லா தெரிந்தது, பெயர் தெரிந்தது, சாதி தெரிந்தது. அப்புறம் என்ன? அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு நான் அலைந்தேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில் போளூர் பக்கம் இரண்டு ஊர் பொருந்தியது. இரண்டிலும் சேரிக்குப் போனோம். யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு கிழவி மட்டும் என்னைக் கேட்டது: "போனவனுக்கு எழுதி வச்சிருக்கான். சரி. இங்க இருந்த தம்பிக்கு எங்கடா எழுதி வச்சிருக்கான்?"

தோழர்களே, இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான். போன அண்ணனுக்கு உயரம், தழும்பு, வயசு எல்லாம் இருக்கிறது. ஏன்? அவர்மேல் ஒருத்தன் பணம் போட்டிருந்தான். கப்பல் செலவு, அரிசி, ஐந்து வருச ஒப்பந்தம். ஓடிப்போனால் பிடிக்கணும், அதுக்குத் தழும்பு வேணும். ஊரிலேயே பண்ணையாளாக இருந்த தம்பியைப் பிடிக்கக் காகிதம் தேவையில்லை. அவன் எங்கே போவான்? இந்தியாவில் அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று 1843-இலேயே ஐந்தாம் சட்டம் வந்தது. அதுக்கு முன்னால் ஆளை விற்க ஓலை எழுதினார்கள். தமிழ்நாட்டு அடிமைமுறை பற்றி ஆ.சிவசுப்பிரமணியன் எழுதியிருக்கிறார், மாணவர்கள் படிக்கணும். சட்டம் வந்த பிறகு ஓலையும் போச்சு, பதிவும் போச்சு, பண்ணையம் மட்டும் நின்றது. பக்கத்துச் செங்கம் பக்கத்தில் மாடுபிடி சண்டையில் செத்தவனுக்கு ஆயிரம் வருசத்துக்கு மேலாகப் பெயரோடு நடுகல் நிற்கிறது. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் நிலத்தில் செத்த நம்ம தம்பிக்குக் கல்லும் இல்லை, காகிதமும் இல்லை.

எதுவுமே இல்லை என்று கைவிரிக்கவும் நான் தயாராக இல்லை. பேங்க் வேலை எனக்குக் கற்றுத்தந்த ஒண்ணு, எந்த ஆளும் எங்கேயாவது ஒரு லெட்ஜரில் மாட்டியிருப்பான். எங்கெங்கே பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். குடிபெயர்வு பற்றிய அரசாங்க நடவடிக்கைகள் அங்கே இருக்கின்றன. தனி ஆள் பெயர் கிடைப்பது அரிது. ஆனால் கப்பல், டெப்போ, எந்த வருசம் எவ்வளவு பேர் என்கிற விவரம் கிடைக்கும். அடுத்தது கோயிற்பற்றுப் பதிவேடுகள். ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கின ஆற்காடு மிஷன் 1853-இலிருந்து இந்தப் பக்கம் வேலை செய்தது. சேத்துப்பட்டில் தாரஸ் சாமியார், 1876-78 தாது வருசப் பஞ்சத்தை ஒட்டி ஏராளமான சேரி ஜனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பன் பெயர், ஆத்தா பெயர், ஊர் இருக்கும். நம்ம ஆத்தாக்களின் பெயரைக் காகிதத்தில் முதலில் எழுதினது பல இடத்தில் அந்தப் பதிவேடுதான். மதம் மாறாத குடும்பத்துக்கும் பங்காளி ஒருத்தர் மாறியிருப்பார், பாருங்க.

மூணாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதின அறிக்கைக்குப் பிறகு 1892-இல் அரசாணை வந்ததே, அந்த நிலத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பதிவுகள். நாம் இதுவரைக்கும் நிலத்தை மீட்க அந்தக் கணக்கைக் கேட்டோம். அதே கணக்கில் நம்ம பூட்டன் பெயரும் இருக்கிறது. நிலம் கேட்கிறவன் பெயரையும் சேர்த்துக் கேட்கட்டும். நாலாவது, 1920-களில் லேபர் டிபார்ட்மெண்ட் சேரிக்கு மனை வாங்கிக் கொடுத்த கோப்புகள். அஞ்சாவது, பழைய பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு.

இதுக்கெல்லாம் மேலே, யாரும் எழுதாத ஒரு பதிவு இருக்கு. அன்றைக்கு இரண்டாவது சேரியில் ஒரு சாவு. பறை அடிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்த அம்மா நடந்துக்கிட்டே இருந்தவங்க நின்னுட்டாங்க. "தப்பு!" என்றாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியலை, தப்பாக எதையோ சொல்லிவிட்டோமோ என்று பார்த்தோம். கயானாவில் மாரியம்மன் கோயிலில் அடிக்கிற தோல் மேளத்துக்கு அதே பேர். தப்பு. டிரினிடாடிலும் அதுதான் பேர். குவாதலூப்பில் மாரியம்மனை மாலியேமென் என்றும் மதுரை வீரனை மல்தெவிலென் என்றும் கும்பிடுகிறார்கள். பாஷை போய்விட்டது, மேளமும் சாமியும் போகவில்லை.

நம்ம இயக்கத்தில் பறை பற்றி எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம். அடிமைத் தொழில், தூக்கிப் போடு என்று ஒரு பக்கம். நம்ம கலை, எடுத்து அடி என்று ஒரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கு. ஊரான் சாவுக்குக் கட்டாயமாக அடிக்கச் சொன்னால் அடிக்கமாட்டோம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கடல் தாண்டின நம்ம ஆட்கள் அதை எவன் வீட்டு சாவுக்கும் கட்டளைக்கு அடிக்கவில்லை. தன் சாமி முன்னால் தன் இஷ்டத்துக்கு அடித்தார்கள். விடுதலையானவன் கையில் அந்தத் தோல் எப்படி ஒலிக்கும் என்பதற்கு நூற்றைம்பது வருசச் சாட்சி அங்கே இருக்கு. அந்தச் சேரி வாத்தியக்காரர் அந்த அம்மா கையில் குச்சியைக் கொடுத்தார். அடிக்கத் தெரியவில்லை. வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாங்க.

இந்த மலைக்காரத் தோழர்கள், "இது உங்க சேரிக் கதை, எங்களுக்கென்ன?" என்று நினைக்கலாம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதியை நினைத்துப் பாருங்க. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். இந்த மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அட்வான்ஸ் கொடுக்க ஒரு ஏஜெண்டு, ஏற்றிப்போக ஒரு வண்டி, எங்கே போகிறோம் என்று வீட்டுக்குச் சரியாகத் தெரியாது. கப்பல் காலத்து ஆள்பிடிப்பும் இதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், அன்றைக்குக் கப்பலேற்றும்போதாவது பெயரை எழுதினான். இன்றைக்கு நம்ம ஆட்களின் பெயரைப் பிரேதப் பரிசோதனை அன்றைக்குத்தான் எழுதுகிறான். யார் கூப்பிட்டான், எவ்வளவு கொடுத்தான், எந்த வண்டி, எந்தத் தேதி என்று மலையிலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், அது குடும்ப வரலாறு மட்டுமல்ல, கோர்ட்டில் சாட்சி.

ஆகையால் நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி இல்லை. சேரிக்கு ஒரு நோட்டு, மலை ஊருக்கு ஒரு நோட்டு. எழுபது வயசுக்கு மேலே இருக்கிறவர்களிடம் உட்கார்ந்து மேலே எத்தனை தலைமுறை பெயர் தெரியும் என்று கேட்டு எழுதுங்க. ஆம்பளைப் பெயரோடு நிறுத்தாதீங்க, ஆத்தா பெயரும் அவள் பிறந்த ஊரும் வேணும். யார் வேலூர் போனார், யார் பெங்களூர் போனார், யார் கப்பலேறினார், யார் திரும்பவில்லை. சேரிக்கு ஊரான் வைத்த பெயர் ஒண்ணு, நாம் கூப்பிடுகிற பெயர் ஒண்ணு, இரண்டையும் எழுதுங்க; சீட்டில் கிராமப் பெயர் இருக்கும், சேரிப் பெயர் இருக்காது. தேடி வருகிறவனுக்கு ஊர்ப் பெரியவன் தன் தெருவைக் காட்டுவான். நம்ம தெருவை நாமதான் காட்டணும். வெளிநாட்டிலிருந்து யாராவது சீட்டோடு வந்தால், அந்தச் சாதிச் சொல்லை விவசாயி என்று மொழிபெயர்க்காதீங்க. அவங்க தாங்கமாட்டாங்க என்று நினைக்கிறது நம்ம பயம். அவங்க கடலையே தாண்டினவங்க பிள்ளைகள்.

முடித்துக்கொள்கிறேன். என் நோட்டில் முதல் பக்கத்தில் அந்தத் தம்பியின் பெயர் எழுதியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு சேரியின் பெயர். கீழே காலியாக இருக்கிறது. போன மாதம் அந்த அம்மா மெயில் அனுப்பியிருந்தாங்க, "தம்பி கிடைச்சாரா?" என்று ஒரே வரி. "இன்னும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் பார்த்தேன், 'இருக்கிறோம்' என்று பன்மையில் எழுதிவிட்டேன்.

அதைப் பொய்யாக்கிவிடாதீங்க தோழர்களே. ஜெய்பீம்.